ஒரு மணி வரைக்கும்

பையன் எங்கே என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா மறுபடியும் கேட்டாள். ஜெராக்ஸ் எடுக்கப் போயிருக்கிறான் என்று ஜெயவேலு மறுபடியும் சொன்னான். முதல் தடவை கேட்டபோதே உள்ளதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். பையனும் இல்லை, பொண்ணும் இல்லை, நான்தான் சேர வந்திருக்கிறேன், நாற்பத்தொரு வயதில் பி.ஏ. வரலாறு படிக்க, உங்களுக்கு இதில் என்ன நஷ்டம் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வாய் தன் பாட்டுக்கு ஒரு பையனைப் பெற்றுப் போட்டுவிட்டது. இப்போது அந்தப் பையனுக்கு மார்க் எவ்வளவு என்று வேறு அவளுக்குத் தெரிய வேண்டுமாம். சுமார்தான் என்றான். இந்தக் காலத்துப் பிள்ளைகளே அப்படித்தான், எந்நேரமும் செல்போன் என்று அவள் ஆறுதல் சொன்னாள். அவளுடைய மகள் அந்தப் பக்கம் தலையைக் குனிந்து செல்போனைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள். அலுவலக அறைக் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த உதவியாளன், ஜெயவேலுவைவிடப் பத்து வயதாவது சின்னவன், பேரன்ட்ஸ் எல்லாரும் மரத்தடிக்குப் போங்க, கேண்டிடேட் மட்டும் பெஞ்சில உக்காருங்க என்று அடிக்கொரு தரம் சத்தம் போட்டான். சத்தம் போட்டு முடித்ததும் அவன் பார்வை ஜெயவேலுவின் நரைத்த காதோரத்தில் வந்து நிற்கும். ஜெயவேலு நகரவில்லை. நேராகப் பேர் சொல்லி நகரச் சொல்லட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றரை. ஊருக்கு அந்தக் கோடியில் ஆயுதப்படை மைதானத்தில் ஒரு மணி வரைக்கும் போலீஸ் வேலைக்குச் சான்றிதழ் பார்க்கிறார்கள். பரீட்சையில் தேறி, பாதி வயசுப் பையன்களோடு ஓடி அதிலும் தேறி, கடைசியாக நிற்பது இது ஒன்றுதான். இன்றைக்குப் போகாவிட்டால் வேலை இல்லை. இங்கே முன்னாள் ராணுவத்தாருக்கு ஒதுக்கிய இடத்துக்கும் இன்றைக்குத்தான் கடைசி அழைப்பு. எழுந்து போனால் இடம் இல்லை. இரண்டு பேரும் அசல் சான்றிதழ் கேட்கிறார்கள். அசல் ஒன்றுதான், மடியில் கிடக்கிறது. இங்கே கொடுத்துவிட்டால் மூன்று வருஷத்துக்குத் திரும்பி வராது. இன்னும் எழுந்து போகலாம். வெளியே போனால் ஆட்டோ நிற்கும். எழுந்து போகலாம் என்பதே எரிச்சலாக இருந்தது. யாராவது ஒருவன் கதவைச் சாத்தித் தொலைத்தால் நன்றாக இருக்கும்.

சட்டைப் பையில் போன் நெஞ்சுக்கு மேல் வண்டு மாதிரி துடித்தது. மச்சான் கஜபதி. மனைவி அமுலுவுக்கு அண்ணன், ஏட்டு, மைதான வாசலில் காலையிலிருந்து நிற்கிறான். அவனே எழுதிப் போடச் சொன்னான், அவனே ஓட்டத்துக்கு வந்து நின்று கைதட்டினான், இன்றைக்கு உள்ளே யாரிடமோ சொல்லி வைத்திருக்கிறானாம், என் தங்கச்சி வீட்டுக்காரர் என்று. சொல்லி வைக்க இவன் யார். கேன்டீனில் வாங்கிய ரம் பாட்டிலை இத்தனை வருஷமாக இவன்தானே குடித்தான். லீவில் வந்து பெட்டியை இறக்குவதற்கு முன்னால், மாப்ள எத்தனை இருக்கு என்று கேட்டவன். பனியில் கால் வெடித்து வந்திருந்த வருஷமும் அதைத்தான் கேட்டான். மிலிட்டரிக்காரன் என்றால் ஊருக்கு ரம். போலீஸ்காரன் என்றால் ஊருக்கு என்ன. யார் வண்டியை விடச் சொல்ல, யார் பிள்ளையை அடிக்க வேண்டாம் என்று சொல்ல, யார் பிள்ளையை நாலு போடு என்று சொல்ல. போன் துடித்து ஓய்ந்தது. காலையில் அமுலு வெள்ளைச் சட்டையைத் தானே தேய்த்துக் கொடுத்து, நெற்றியில் விபூதி வைத்து, வாசல் வரைக்கும் வந்து நின்றாள். மைதானத்துக்குத்தானே என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பான். கேட்காதபோது அது பொய்யா. பஸ் காலேஜ் நிறுத்தத்தில் நின்றபோது கால் இறங்கிவிட்டது. இந்தக் கால் இதே கேட்டுக்கு முன்னாலேயே வந்திருக்க வேண்டிய கால். பிளஸ் டூ முடித்த வருஷம் இதே காலேஜில் இதே வரலாற்றுக்கு இடம் கிடைத்துக் கார்டு வந்தது. அப்பா முனிரத்தினம் அந்தக் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, அவருக்குப் படிக்கத் தெரியாது, பார்த்தார் அவ்வளவுதான், அடுத்த வாரம் ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், முதலில் அங்கே போய் ஓடிவிட்டு வா, கிடைக்காவிட்டால் படி என்றார். ஓடினான். வேகமாக ஓடியதுதான் செய்த தப்பு. முன்னால் ஓடியவன் மூச்சு வாங்கிப் பின்தங்கியபோது அவனைத் தாண்டாமல் இருந்திருக்கலாம். தாண்டினான். அப்பா தெரு முழுக்கச் சாக்லேட் கொடுத்தார். அந்த மனிதன் செத்து இரண்டு வருஷம் ஆகிறது. அந்தச் சாக்லேட்டுக்கு ஜெயவேலு அவரை இன்னும் மன்னிக்கவில்லை. கொள்ளி வைத்தபோதும் மன்னிக்கவில்லை. மன்னிக்காமலே அழுதான்.

ஆனால் அப்பாவை நினைத்தால் சாக்லேட்டோடு நிற்காது. அடுத்து ஸ்டேஷன் வரும். எங்கே சுற்றினாலும் ஸ்டேஷன் வரும். கிணற்றுத் தண்ணீர்ச் சண்டையில் மேட்டுத்தெரு சபாபதி எழுதிக் கொடுத்த புகாருக்கு அப்பாவைக் கூப்பிட்டுப்போய், காலையிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் வேட்டியை உருவிக்கொண்டு வெறும் டிராயரோடு ஸ்டேஷன் வாசல் மரத்தடியில் உட்கார வைத்தார்கள். பஸ்ஸில் போகிறவன் வருகிறவனெல்லாம் பார்த்தான். ஜெயவேலு அப்போது காஷ்மீர் எல்லையில், ரஜோரியில் இருந்தான். லீவு கிடைத்து வர இரண்டு மாசம் ஆனது. வந்த மறுநாள் யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு போனான், மார்பில் ரிப்பனெல்லாம் குத்திக்கொண்டு. அப்பா வேண்டாம் வேண்டாம் என்று பின்னாலேயே வந்தார். கேட்கத்தான் போனான். என்ன சட்டத்தில் வேட்டியை உருவினீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். இன்ஸ்பெக்டர் வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். நிமிர்ந்தார். அவ்வளவுதான், குதிகால் இரண்டும் ஒட்டிக்கொண்டன, கை மேலே போய்விட்டது. இவன் போகச் சொல்லவில்லை. கை போனது. சல்யூட். அந்த ஆளுக்கு. அப்பாவின் வேட்டியை உருவியவனுக்கு. வாசலில் அப்பா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மிலிட்டரியா, நல்லது, பார்டரை நீ பாத்துக்கப்பா, உள்ளூரை நாங்க பாத்துக்கிறோம் என்று இன்ஸ்பெக்டர் ஒரு கடலையை வாயில் போட்டார். யெஸ் சார் என்றது வாய். திரும்பி வரும்போது அப்பா ஒன்றும் பேசவில்லை. சாகிற வரைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அந்த ஆளுக்குச் சல்யூட் அடிக்க வேண்டிய சட்டம் எதுவும் இல்லை என்று அப்புறம் எத்தனையோ ராத்திரி காவல் நிற்கும்போது தனக்குத்தானே வாதாடியிருக்கிறான். வாதத்தில் ஜெயிப்பான். கை மட்டும் மேலே போய்க்கொண்டே இருக்கும். இப்போதும், இந்த பெஞ்சில், மடியில் இருந்த வலது கையை இடது கை பிடித்துக்கொண்டிருந்தது. பிடித்ததைப் பார்த்துவிட்டு எடுத்தான். போலீஸ் என்று அமுலு முதலில் சொன்னபோது மனசு குதித்ததற்குக் காரணம் இதுதான். காக்கி போட்டால் அந்த வாசலில் ஏறலாம். சபாபதியின் மகன் புது புல்லட்டில் ஹெல்மெட் இல்லாமல் வருவான். ஓரங்கட்டுவான் ஜெயவேலு. பேப்பரைக் காட்டு. பேப்பர் இருக்கிறதா, இருந்தாலும் ஸ்டேஷனுக்கு வா. சட்டையைக் கழற்று. மரத்தடியில் உட்கார். இந்தக் கனவைப் பல தடவை கண்டிருக்கிறான், ஒவ்வொரு தடவையும் சுகமாக இருக்கும், பல் வலிக்குக் கிராம்பு வைத்த மாதிரி. போன வாரம் கண்டபோது அந்தப் பையனை உட்கார வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, கையைப் பார்த்தால் உள்ளங்கையில் வேர்க்கடலை இருந்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டான். அமுலு என்னவென்று கேட்டாள். கொசு என்றான். கொசுவாக இருந்தால் நல்லதுதான்.

அதனால்தான் வரலாறா என்று கேட்டால் அதுவும் இல்லை. அவ்வளவு யோக்கியன் இல்லை ஜெயவேலு. அவனுக்கு ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது, அவ்வளவுதான். ரெஜிமென்ட் ஹாலில் ஒரு பலகை உண்டு, ஜெயித்த சண்டையின் பேரெல்லாம் பொன்னெழுத்தில் இருக்கும். வருஷா வருஷம் அந்தந்த நாளில் நிற்க வைத்துச் சொல்வார்கள், எந்த மலை, எத்தனை பேர் செத்தார்கள், யாருக்கு மெடல். எதற்குப் போனார்கள் என்று மட்டும் ஒரு வருஷம்கூட யாரும் சொன்னதில்லை. ஒரு குளிர்காலம் முழுக்க ஒரு சின்னப் பாலத்தைக் காத்துக்கொண்டு கிடந்தார்கள். கூட இருந்த சகாயராஜுக்குக் கால் விரல்கள் கறுத்து, எடுத்துவிட்டார்கள். பனி உருகியதும் அந்தப் பாலம் தேவையில்லை, இறங்கி வாருங்கள் என்று உத்தரவு வந்தது. தேவையில்லை என்றால் அப்புறம் ஏன் சார் என்று ஜெயவேலு சுபேதாரிடம் கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். துப்பாக்கியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றச் சொன்னார். விழுகிற வரைக்கும் சுற்றினான். பதில் கிடைச்சுதா என்று கேட்டார். கிடைச்சுது சார் என்றான். அந்த சுபேதாரும் கெட்ட ஆள் இல்லை. அவருக்கும் தெரியாது, அதான் ஓட விட்டார். தெரிந்த ஒருவன் எங்கேயாவது உட்கார்ந்திருப்பான், எழுதி வைத்திருப்பான், அதைப் படிக்கச் சொல்லித் தருகிற இடம் ஒன்று இருக்கும் என்று ஜெயவேலு நினைத்துக்கொண்டான். இதை அமுலுவிடம் எப்படிச் சொல்வது. பென்ஷன் வருகிறது, சாப்பாட்டுக்குக் குறைவில்லை, ஆனால் காக்கி இருந்தால் ஒருத்தன் வாலாட்ட மாட்டான் என்கிறாள். இத்தனை வருஷம் நான் தனியாகக் கிடந்தேன், இனிமேலாவது இந்த வீட்டுக்கு ஒரு பயம் வேண்டும் என்கிறாள். வீட்டுக்குப் பயம் வேண்டுமாம். மகன் தருணுக்கு இந்த வருஷம் பிளஸ் ஒன். அப்பாவும் நானும் ஒரே காலேஜா, மானம் போகும் என்று அவன் சிரிக்கிறான். சிரிக்கட்டும். எல்லாருக்கும் இவனுடைய உடம்பு வேண்டும். அப்பாவுக்கு வேண்டியிருந்தது, சர்க்காருக்கு வேண்டியிருந்தது, மச்சானுக்கு வேண்டியிருக்கிறது, பெண்டாட்டிக்கு வேண்டியிருக்கிறது, ஒரு யூனிஃபார்மை மாட்டி வாசலில் நிறுத்த. தலை ஒன்று இருக்கிறதே, அது யாருக்கு வேண்டும். கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. இப்போது ஆட்டோ பிடித்தால்கூட நேரம் இருக்கிறது. ஆட்டோ, ஆட்டோ என்று என்ன பாழாய்ப்போன நினைப்பு. எழுந்தான். பெஞ்சு கிறீச்சிட்டது. உட்கார்ந்தான்.

முனிரத்தினம் மகன் ஜெயவேலு என்று உதவியாளன் கத்தினான். பிறகு இவனைப் பார்த்து, கையில் டோக்கனைப் பார்த்து, பையனைக் கூப்பிடுங்க சார் சீக்கிரம் என்றான். நான்தான் என்று ஜெயவேலு எழுந்தான். பக்கத்து அம்மா, அப்போ ஜெராக்ஸ் எடுக்கப் போனது என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். அவள் மகள் முதல் தடவையாக செல்போனிலிருந்து தலையைத் தூக்கினாள். உள்ளே மேஜைக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பேராசிரியை, இவன் வயதுதான் இருக்கும், பக்கத்தில் ஒரு கிளார்க். கோப்பை இரண்டு கையாலும் வைத்தான். பட்டாளத்தில் காகிதம் பார்க்க வந்தால் பெரிய காகிதம் மேலே இருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் அடுக்கியிருந்தான், அதுதான் வினையாகப் போயிற்று. மேலே இருந்தது, பதினைந்து வருஷம் முடித்ததும் பட்டப்படிப்புக்குச் சமம் என்று ராணுவம் எல்லாச் சிப்பாய்க்கும் கொடுக்கிற சான்றிதழ். கிளார்க் அதைத் தூக்கிப் பிடித்து, மேடம், சார் ஏற்கெனவே டிகிரி ஹோல்டர் என்று சிரித்தான். ஒரு சீட்டை வீணாக்கலாமா, இதை வைத்தே வேலைக்குப் போகலாமே என்றான். காது மடல் சூடாயிற்று. இதே காகிதத்தைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருந்தவன்தான் ஜெயவேலு. மாமனார் வீட்டில் மாப்பிள்ளை பட்டதாரி என்று சொல்லிக்கொண்டார்கள், இவனும் சொல்ல விட்டான். பேராசிரியை அதை வாங்கிப் படித்துவிட்டு, சமம்னு போட்டிருக்கே, அப்புறம் எதுக்கு இன்னொரு பி.ஏ. என்று கேட்டாள். நையாண்டி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், ஆனால் அவனுக்கு அதெல்லாம் பிரித்துப் பார்க்கிற பொறுமை போயிருந்தது.

“அது படிச்சு வாங்கினது இல்லம்மா. பதினஞ்சு வருஷம் ஏன்னு கேக்காம இருந்ததுக்குக் குடுத்தது.”

கிளார்க்கின் சிரிப்பு வழியிலேயே நின்றது. இனி அவள் ஏதாவது சொல்லட்டும், இரண்டு வார்த்தை திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடலாம், ஆட்டோ நிற்கிறது, நியாயமும் நம் பக்கம் இருக்கும் என்று ஜெயவேலு தயாராக இருந்தான். அவள் அந்தக் காகிதத்தை எடுத்து அவனிடமே நீட்டினாள். இது பல்கலைக்கழகம் கொடுத்த பட்டம் இல்லை, இதை நாங்கள் பார்க்க வேண்டியதில்லை, மார்க் ஷீட்டும் டி.சி.யும் வயது விலக்குக் கடிதமும் மட்டும் கொடுங்கள் என்றாள். அவ்வளவு சுலபமாகவா. கோபம் கையில் பிடித்த கல் மாதிரி எறிய இடமில்லாமல் நின்றது. அசல் இங்கேயே இருக்கும், நடுவில் வேறு வேலைக்கென்று கேட்டால் தர முடியாது, யோசித்துக் கொடுங்கள் என்றும் சொன்னாள். யோசித்தால் கொடுக்க மாட்டான். கொடுத்தான். விரல் விட்ட பிறகும் காகிதத்தின் வழவழப்பு விரலில் இருந்தது. கிளார்க் முத்திரை குத்திக்கொண்டே போனவன் ஒரு பக்கத்தில் நின்று, பேரன்ட் கையெழுத்து என்றான். ஜெயவேலு பேனாவை எடுத்தான். நீங்க இல்ல சார், உங்க பேரன்ட் என்றான் கிளார்க். அப்பா இல்லை, அம்மா அதற்கு முன்னாலேயே போய்விட்டாள் என்றான். அப்போ பாதுகாவலர், நேரில் வந்து போடணும், மூணு மணிக்குள்ள, அது இல்லாம சேர்க்கை முடியாது என்றான். நாற்பத்தொரு வயதுக்காரனுக்குப் பாதுகாவலரா என்று ஜெயவேலு கேட்ட குரலில் வெளியே பெஞ்சில் பேச்சு நின்றிருக்க வேண்டும். வயசுக்குத்தான் விலக்கு வந்திருக்கு, கையெழுத்துக்கு வரல, எனக்கும் அபத்தமாத்தான் இருக்கு என்றாள் பேராசிரியை. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். மனைவி என்றான். வரச் சொல்லுங்க என்றாள்.

தாழ்வாரத்தின் கடைசித் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு போனை எடுத்தான். மச்சான் கூப்பிட்டது திரையெல்லாம் சிவப்பாக நின்றது. அமுலு எடுத்ததும், மைதானத்துல நீங்க இல்லன்னு அண்ணன் சொல்றான் என்றாள். காலேஜில் இருக்கிறேன் என்றான். அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. காகிதத்தைக் கொடுத்துவிட்டேன், அது இனி திரும்ப வராது என்றான். பேசேண்டி என்று கத்த வாய் வந்தது, அடக்கிக்கொண்டு, ஒரு கையெழுத்து வேண்டும், பாதுகாவலர் என்று நீ வந்து போட வேண்டும் என்றான். சொல்லும்போதே பல்லைக் கடித்தான். அவளிடம் போய்க் கேட்க வைத்துவிட்டார்களே, எழுதத் தெரியாத அப்பனுக்குக்கூட இவன்தான் கைநாட்டு உருட்டியிருக்கிறான். அமுலு பேசினாள், மெதுவாக, ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிற மாதிரி.

“தருணுக்கு ஸ்கூல்ல நான் போட்டேன். உங்கம்மா ஆபரேஷனுக்கு நான் போட்டேன். அன்னிக்கு ஸ்டேஷன்ல மாமாவ வெளிய விட நான்தான் போட்டேன். இப்ப உங்களுக்கும் நானா?”

தூணில் யாரோ பேர் கீறியிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டு நின்றான். ஸ்டேஷனில் மரம் இருந்தது, அப்பா இருந்தார், கடலை தின்கிற ஆள் இருந்தார், தன் கை இருந்தது. இத்தனை வருஷமாக அந்த இடத்தில் இவ்வளவுதான் இருந்தது. அப்பாவை யார் கூட்டிவந்தது. உருவின வேட்டியை யார் கேட்டு வாங்கினது. விளக்கு வைக்கிற நேரம், கைப்பிள்ளையை யார் வீட்டில் விட்டுவிட்டு, எந்த பஸ்ஸில், யாரிடம் என்ன சொல்லி, என்ன சொன்னார்கள் அவளை. அந்த ஆள் அப்போதும் நாற்காலியில்தானே இருந்திருப்பான். ஒரு பெண்பிள்ளை தனியாக வந்து நின்றால் அவன் என்ன பேசியிருப்பான். இரண்டு மாசம் கழித்து ரிப்பன் குத்திக்கொண்டு போனவன் ஒரு தடவைகூட இதைக் கேட்கவில்லை. தன் கை மேலே போனதையே எண்ணிக்கொண்டிருந்தான். “போலீஸ்ல சேருங்கன்னு நான் எதுக்குக் கத்தறேன்னு நெனச்சீங்க, எங்கண்ணன் பெருமைக்கா?” என்று அவள் கேட்டாள். கோபம் வந்தது, வழக்கம்போல மளமளவென்று வந்தது, அப்பா மேல், அந்த ஆள் மேல், ஒன்றும் சொல்லாமல் இருந்தாளே என்று அவள் மேல். எதன் மேலும் உட்காராமல் சுற்றிவிட்டு இவன் மேலேயே வந்து நின்றது.

“அன்னிக்கு என்ன நடந்துச்சு, அமுலு?”

போனில் வீட்டுக் குக்கர் ஒரு விசில் அடித்து ஓய்ந்தது. அலுவலக அறையில் யாரோ பேர் கூப்பிட்டார்கள், ஒரு பெண் ஓடினாள். மணி ஒன்றாகிவிட்டதை இங்கிருந்தே பார்க்க முடிந்தது. அது இப்போது வேறு யாருக்கோ உரிய கணக்கு மாதிரி இருந்தது.

“இன்னிக்குத்தான் கேக்கத் தோணுச்சா?” என்றாள் அமுலு. அழவில்லை. கோபமாகத்தான் இருந்தாள், அவனைவிடப் பழைய கோபம், அவனைவிட நன்றாகக் காய்ந்தது. “போன்ல சொல்ற விஷயமில்ல அது. வரேன். மொதல்ல மொத்தத்தையும் சொல்வேன். நடுவுல கத்தக் கூடாது, எழுந்து போகக் கூடாது, எவனையும் வெட்டறேன் குத்தறேன்னு கெளம்பக் கூடாது. கேட்டு முடிச்ச பிறகுதான் கையெழுத்து.”

சரி என்றான். அவள் முன்னமே வைத்துவிட்டிருந்தாள். திரும்பி வந்து கேண்டிடேட் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தான். அந்த உதவியாளன் பார்த்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டான். கேட்டில் பஸ் நிற்கிற சத்தம் வரும்போதெல்லாம், அவள் இன்னும் கொஞ்ச நேரம் கழித்து வந்தால் பரவாயில்லை என்று நினைத்தபடி, எழுந்து எட்டிப் பார்த்தான்.